கவிதாவின் சம்பளமும் கவிதாவின் நேரமும்

(மணிமங்கலத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

ஞாயிற்றுக்கிழமை என்பது தூக்கத்துக்கும் துணி துவைப்பதற்கும் ஒதுக்கிய நாள். அந்த நாளின் மாலையை எனக்குக் கொடுத்துவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிற தங்கைகளுக்கு என் வணக்கம்.

மணிமங்கலத்தில் நின்று பேசுகிறவன் போரிலிருந்துதான் தொடங்க வேண்டும். பல்லவன் நரசிம்மவர்மன் சாளுக்கியப் புலிகேசியை வென்ற இடங்களில் ஒன்றாக இந்த ஊரின் பெயரைக் கூரம் செப்பேடு சொல்கிறது. கல்கி அந்தப் போரை எடுத்துக்கொண்டு ‘சிவகாமியின் சபதம்’ எழுதினார். போர் முடிகிறது, வாதாபி எரிகிறது, மாமல்லன் வெற்றியோடு திரும்புகிறான். சரி, சிவகாமிக்கு என்ன கிடைத்தது? ஈடு இணையில்லாத ஆடல் கலைஞர் அவள். கடைசியில் ஏகாம்பரநாதருக்குத் தன்னை ஒப்புக்கொடுத்துவிட்டுத் தனியாக நிற்கிறாள். கலை இருந்தது, வாழ்க்கை இல்லை. மாமல்லனிடம் யாராவது வந்து, ‘அரசா, குடும்பமா, ஒன்றைச் சொல்’ என்று கேட்டார்களா? கேட்கவில்லை. அவனுக்கு நாடும் இருந்தது, பாண்டிய இளவரசி மனைவியாகவும் வந்தாள்.

பெண்ணிடம் மட்டும் கேட்கப்படுகிற இந்தக் கேள்வியைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். வேலைக்குப் போகிற பெண்ணைத் தமிழ் சினிமா எப்படிக் காட்டுகிறது? அவளுடைய வேலையையும் அவளுடைய வீட்டையும் ஒரே திரையில் வைக்கும்போது அந்த சினிமாவுக்கு என்ன ஆகிறது? இதுதான் பொருள்.

கல்கியை ஆரம்பத்திலேயே குறை சொல்லிவிட்டு நகர்ந்தால் அநியாயம். அவர் கதை எழுதி, கே. சுப்ரமணியம் இயக்கி, 1939இல் வந்த படம் ‘தியாகபூமி’. கணவனால் கைவிடப்பட்ட சாவித்திரி, பின்னாளில் பெரும் செல்வத்தோடு உமாராணியாக வந்து நிற்கிறாள். பணத்தைப் பார்த்த கணவன், மனைவி தன்னோடு வந்து வாழ வேண்டும் என்று வழக்குப் போடுகிறான். நீதிமன்றத்தில் அவள் என்ன சொல்கிறாள் தெரியுமா? வேண்டுமானால் அவனுக்கு நான் ஜீவனாம்சம் தருகிறேன் என்கிறாள்! 1939இல், ஐயா! பிரிட்டிஷ் அரசு பின்னர் அந்தப் படத்தைத் தடை செய்தது. அது காந்திய அரசியலுக்காக. இந்த ஒரு காட்சிக்காகத் தடை செய்ய விரும்பிய கணவன்மார்கள் எத்தனை பேரோ, அது எந்தக் கோப்பிலும் இல்லை.

அங்கிருந்து 35 ஆண்டுகள் தாண்டி வருகிறேன். 1974. கே. பாலசந்தரின் ‘அவள் ஒரு தொடர்கதை’. சுஜாதா நடித்த கவிதா. இங்கே இருக்கும் தாய்மார்களுக்குக் கவிதாவைத் தெரியாமல் இருக்காது. அப்பா துறவியாகப் போய்விட்டார். அண்ணன் குடிகாரன், அவனுக்கு மனைவியும் குழந்தைகளும். ஒரு தங்கை விதவை, இன்னொரு தங்கைக்குக் கல்யாணமாகவில்லை, தம்பிக்குக் கண் தெரியாது. இத்தனை பேருக்கும் ஒரே சம்பளம், கவிதாவின் சம்பளம். அவளை விரும்பியவன் தங்கையின் பக்கம் திரும்புகிறான். மறுபடி அவளுக்கென்று ஒரு கல்யாணம் கைகூடி வரும்போது, திருந்தி வந்த அண்ணன் கொல்லப்படுகிறான். அவள் தன் கல்யாணத்தை விட்டுக்கொடுத்துவிட்டு மறுபடி வேலைக்குக் கிளம்புகிறாள்.

அந்தப் படத்தைக் குறைத்துப் பேச மாட்டேன். சிடுசிடுப்பான ஒரு பெண்ணை, வாயைத் திறந்தால் சுள்ளென்று பேசுகிற ஒரு பெண்ணை, கதாநாயகியாக்கி ஊரே அழும்படி செய்தார் பாலசந்தர். வீட்டுக்குச் சோறு போடுகிறவளுக்குக் கோபப்பட உரிமை உண்டு என்று திரையில் சொன்னது பெரிய காரியம். ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்தக் குடும்பத்தின் பாரம் ஏன் குறையவே இல்லை? குறைந்தால் கதை முடிந்துவிடும். அவள் மெழுகுவர்த்தியாக இருந்தால்தான் நமக்குக் கண்ணீர். அண்ணன் திருந்தி வேலைக்குப் போனான் அல்லவா? போன கையோடு கதை அவனைக் கொன்றுவிடுகிறது. பாரத்தைப் பங்கு போட ஒருவன் வந்தான், அவனைக் கதாசிரியர்தான் அப்புறப்படுத்தினார், விதி அல்ல.

வங்காளத்தில் ரித்விக் கட்டக் 1960இல் எடுத்த ‘மேகே டாக்கா தாரா’வின் நிழல் இந்தக் கதையின் மேல் உண்டு. அங்கேயும் ஒரு மகள் குடும்பத்துக்காகத் தேய்கிறாள். ஆனால் அதே வங்காளத்தில், மூன்றே ஆண்டுகளில், சத்யஜித் ராய் வேறு ஒரு படம் எடுத்தார். ‘மகாநகர்’. ஆரதி என்ற மருமகள் வீடு வீடாகப் போய்ப் பின்னல் எந்திரம் விற்கிற வேலைக்குச் சேர்கிறாள். மாமனாருக்குப் பிடிக்கவில்லை. கணவனுக்கு முதலில் பெருமை, பிறகு சந்தேகம், பிறகு அவனுக்கே வேலை போய்விடுகிறது. கடைசியில், சக ஊழியை ஒருத்திக்கு நடந்த அநியாயத்தைக் கண்டித்து ஆரதியும் வேலையை விட்டுவிடுகிறாள். இருவருக்கும் வேலை இல்லை. ஆனால் அந்தப் பெரிய நகரத்தில் இரண்டு பேரும் சேர்ந்து நடக்கிறார்கள். கவிதா தனியாக நடந்தாள், ஆரதி சேர்ந்து நடந்தாள். இந்த வித்தியாசம் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

பாலசந்தர் கவிதாவை விடவில்லை. 1987இல் ‘மனதில் உறுதி வேண்டும்’. சுஹாசினி நர்ஸ் நந்தினியாக வருகிறார். மறுபடி பெரிய குடும்பம், மறுபடி தோள் கொடுக்கிற பெண். விவாகரத்தான கணவனுக்குத் தன் சிறுநீரகத்தையே கொடுக்கிறாள். கவிதா கல்யாணத்தைக் கொடுத்தாள், நந்தினி கிட்னியைக் கொடுத்தாள். அடுத்தது என்ன கேட்பீர்கள், பாலசந்தர் சார், என்று அன்றைக்குத் தியேட்டரில் யாராவது எழுந்து கேட்டிருக்கலாம்!

இது ஒரு வகை. வேலைக்குப் போகிறவள் தியாகி. இன்னொரு வகை உண்டு, அது உங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். தொழிற்சாலை மண்ணில் நின்றுகொண்டு அந்தப் படத்தைச் சொல்லாமல் போக முடியாது. 1992. பி. வாசு இயக்கிய ‘மன்னன்’.

ரஜினியும் கவுண்டமணியும் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டுப் படத்துக்குப் போய், முதல் டிக்கெட் பரிசு வாங்க மேடையேறினால், பரிசு கொடுக்க வந்திருப்பவர் அவர்களுடைய முதலாளி. சிரிக்கிறீர்கள், எனக்கும் இன்றுவரை சிரிப்பு வருகிறது. சிரித்து முடித்த பிறகு அந்த முதலாளியைப் பாருங்கள். விஜயசாந்தி நடித்த சாந்திதேவி. பெரிய ஆலையை ஒரு பெண் நடத்துகிறாள். அவளுக்கு ஆலை நடத்தத் தெரியவில்லை என்று படம் சொல்கிறதா? இல்லை. திமிர் என்று சொல்கிறது. எதிர்த்து நின்ற தொழிலாளியைப் பழிவாங்குவதற்காகவே அவனை மணக்கிறாள். முடிவில் அடங்கி, திருந்தி, வீட்டோடு இருக்கிற மனைவியாகிறாள். தொழிலாளிக்கும் முதலாளிக்கும் நடுவில் நடக்க வேண்டிய சண்டையைக் கணவனுக்கும் மனைவிக்கும் நடுவில் கொண்டுபோய் வைத்து, தாலியால் முடித்துவைத்த படம் அது. ஆலைத் தொழிலாளி ஜெயித்தான் என்று கைதட்டினோம். கூலி உயர்ந்ததா, போனஸ் கிடைத்ததா என்று யார் கேட்டது? முதலாளி சமையலறைக்குப் போனதுதான் வெற்றி.

இந்த மாதிரி அடக்குகிற கதைக்கு நம்மிடம் நீண்ட பரம்பரை உண்டு. 1972இன் ‘பட்டிக்காடா பட்டணமா’வில் தொடங்கி நீங்களே ஒரு பட்டியல் போடுவீர்கள், நான் நேரத்தை வீணாக்கவில்லை.

மூன்றாவதாக ஒரு வகை, கொஞ்சம் நுட்பமானது. 2017இல் கோபி நயினார் இயக்கத்தில் வந்த ‘அறம்’. நயன்தாரா மாவட்ட ஆட்சியர் மதிவதனி. ஆழ்துளைக் கிணற்றில் விழுந்த குழந்தையை மீட்கிறார். நல்ல படம், கோபமான படம். ஒரு பெண் அதிகாரி காதல் பாட்டு இல்லாமல், நாயகனின் கை பிடிக்காமல், முழுப் படத்தையும் தாங்க முடியும் என்று காட்டிய படம். ஆனால் மதிவதனிக்கு வீடு எங்கே? அவர் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார்? வீட்டில் அவருக்காக யார் காத்திருக்கிறார்கள்? நமக்குத் தெரியாது. ஆண் போலீஸ் அதிகாரி என்றால் நமக்கு எல்லாம் தெரியும். ‘காக்க காக்க’வின் அன்புச்செல்வனுக்குத் துப்பாக்கியும் இருந்தது, காதலித்து மணந்த மாயாவும் இருந்தாள். அந்த மாயா பள்ளி ஆசிரியை. அவள் சரியாகப் பாடம் நடத்தினாளா, விடைத்தாளைத் திருத்தி முடித்தாளா என்று படம் கவலைப்பட்டதா? நம் நாயகிகளில் பாதிப் பேர் டீச்சர். ஒருத்தியாவது ஒரு காட்சியில் நோட்டுப் புத்தகம் திருத்திப் பார்த்திருக்கிறோமா?

ஆக, வேலையில் பெரியவளாகக் காட்டினால் வீடு மறைந்துவிடுகிறது. வீட்டைக் காட்டினால் வேலை அலங்காரமாகிவிடுகிறது. இரண்டையும் ஒன்றாகக் காட்டினால்? அப்போதுதான் சிக்கல். அந்தச் சிக்கலுக்குள் நம் காலத்தில் தைரியமாகக் கால் வைத்தவர் என்று ஜோதிகாவைச் சொல்ல வேண்டும்.

2006இல் திருமணம் செய்துகொண்டு நடிப்பதை நிறுத்தியவர். 2015இல் திரும்பி வந்தார். படம் ‘36 வயதினிலே’, மலையாளத்தில் மஞ்சு வாரியர் நடித்ததன் மறு ஆக்கம். வருவாய்த் துறை அலுவலகத்தில் வேலை செய்கிற வசந்தி. கணவனுக்கு அயர்லாந்து கனவு, மகளுக்கு அம்மாவை நினைத்தால் வெட்கம். வீடே அவளைக் கேலிப்பொருளாக்குகிறது. மாடித் தோட்டத்தில் காய்கறி வளர்த்து அவள் மீண்டு வருகிறாள். தியேட்டரில் அன்று என்னைச் சுற்றியிருந்த பெண்கள் அந்தப் படத்தைப் பார்த்த விதம் வேறு. நாயகியைப் பார்க்கவில்லை, பக்கத்து வீட்டுக்காரியைப் பார்த்தார்கள்.

பிறகு 2018இல், ராதாமோகன் இயக்கத்தில் ‘காற்றின் மொழி’. இந்தியில் வித்யா பாலன் நடித்த ‘தும்ஹாரி சுலு’வின் தமிழ் வடிவம். விஜயலட்சுமிக்கு வானொலியில் இரவு நிகழ்ச்சி நடத்துகிற வேலை கிடைக்கிறது. சந்தோஷம். எது வரை? பையன் பள்ளியில் ஒரு வம்பில் மாட்டுகிற வரை. உடனே குடும்பமே கூடி உட்கார்ந்து தீர்ப்புச் சொல்கிறது: ராத்திரி வேலைக்குப் போகிற அம்மாவால் வந்த வினை. அவள் வேலையை விடுகிறாள். பையனின் அப்பாவும் வேலைக்குத்தானே போனார்? அவர் மேல் யாராவது வழக்குப் பதிந்தார்களா?

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

நம் படங்கள் வேலைக்குப் போகிற பெண்ணின் குணத்தைப் பற்றியே பேசுகின்றன. தியாக குணமா, திமிரா, தன்னம்பிக்கையா, அடக்கமா? மனசில் உறுதி இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கின்றன. ஆனால் இங்கே உட்கார்ந்திருக்கும் உங்களுக்குத் தெரியும், இது குணத்தின் பிரச்சினை அல்ல, நேரத்தின் பிரச்சினை. முதல் ஷிப்டுக்குக் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க எத்தனை மணிக்கு எழுந்திருக்க வேண்டும்? எழுந்து சமைப்பது யார்? திடீரென்று ஓ.டி. என்று சூப்பர்வைசர் சொன்னால் குழந்தையை யார் போய்க் கூட்டி வருவது? நைட் ஷிப்ட் முடித்து வந்து பகலில் தூங்கினால், ‘பொம்பளை பட்டப்பகலில் தூங்குகிறாள்’ என்று சொல்லாத வீடு எது? இதில் எந்தக் கேள்விக்கு மன உறுதி பதில் சொல்லும்?

இந்தியாவில் தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண்களில் 40 விழுக்காட்டுக்கு மேல் நம் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். உலகம் கையில் வைத்துப் பேசுகிற ஐபோன் சுங்குவார்சத்திரத்தில் பெண்கள் கைபட்டு உருவாகிறது. இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம் வடகால் என்று இந்தப் பக்கம் முழுக்கப் பெண்கள் வந்து குவிந்திருக்கிறார்கள். 2000ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம், தொழிற்சாலையில் பெண்கள் இரவு வேலை செய்யக்கூடாது என்ற சட்டப்பிரிவு செல்லாது என்றது. கதவு திறந்தது. திறந்த கதவுக்கு இந்தப் பக்கம் என்ன இருந்தது? 2021 டிசம்பரில், அந்த ஐபோன் ஆலைப் பெண்கள் தங்கிய விடுதியின் சாப்பாட்டால் 150க்கும் மேற்பட்ட பெண்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். அவர்களுடைய தோழிகள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் ராத்திரியில் உட்கார்ந்தார்கள். நாடே திரும்பிப் பார்த்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 706 கோடி ரூபாய்ச் செலவில் 18,720 பெண்கள் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. அந்தச் சாலையில் உட்கார்ந்த பெண்களை நினைக்காமல் அந்தக் கட்டடத்தைப் பார்க்க என்னால் முடியாது.

அதே 2024இல், ஜூன் மாதம், இன்னொரு செய்தி வந்தது. திருமணமான பெண்களை அந்த ஐபோன் ஆலையில் வேலைக்கு எடுப்பதைத் தவிர்க்கிறார்கள் என்று ராய்ட்டர்ஸ் எழுதியது. நிறுவனம் மறுத்தது. ஒன்றிய தொழிலாளர் அமைச்சகம் தமிழ்நாடு அரசிடம் அறிக்கை கேட்டது. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குக் கவிதா ஞாபகம் வந்தாள். 50 ஆண்டுகளுக்கு முன்னால் கல்யாணத்தை விட்டுக்கொடுத்துவிட்டு வேலைக்குப் போனாளே, அவளைத் திரைக்கதை அப்படி எழுதியது என்று நினைத்திருந்தோம். ஆள் எடுக்கிற இடத்திலேயே அந்தத் திரைக்கதை இருக்கிறதோ?

இவ்வளவு நடந்த இந்த மண்ணைப் பற்றி எத்தனை தமிழ்ப் படம் பார்த்தீர்கள்? எண்ணிச் சொல்ல ஒரு கை விரல்கூடத் தேவைப்படாது.

நம் சினிமாவில் நேரத்தைப் பார்த்தவர்களே இல்லையா? இருக்கிறார்கள். 2010இல் வசந்தபாலன் இயக்கி வந்த ‘அங்காடித் தெரு’. தியாகராய நகர்த் துணிக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை செய்யும் கனி. அஞ்சலி நடித்தார். சாப்பிட நேரம் இல்லை, உட்கார இடம் இல்லை, காதலிக்கத் தடை. வேலை செய்கிற பெண்ணின் ‘தனிப்பட்ட வாழ்க்கை’ என்பது சூப்பர்வைசர் கண்ணில் படாத சில நிமிடங்கள்தான் என்று அந்தப் படம் காட்டியது. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் வர அதற்குப் பிறகு 11 ஆண்டுகள் ஆயின. உட்காருவதற்கு ஒரு சட்டம்!

2017இல் சர்ஜூன் எடுத்த ‘லட்சுமி’ குறும்படம் நினைவிருக்கிறதா? அச்சகத்தில் வேலை செய்கிற பெண். எழுந்து, சமைத்து, கட்டிக்கொடுத்து, ரயில் பிடித்து, வேலை செய்து, திரும்பி, மறுபடி சமைத்து. ஒரே மாதிரி விடிகிற காலைகள். அவள் வேறு ஒருவனோடு கழித்த ஒரு ராத்திரியைப் பிடித்துக்கொண்டு தமிழ்நாடே சண்டை போட்டது. அந்தக் காலைகளைப் பற்றி யாராவது சண்டை போட்டார்களா? அந்தக் கணவன் ஒரு நாளாவது அடுப்பைப் பற்றவைத்தானா என்று எந்தத் தொலைக்காட்சி விவாதத்திலாவது கேட்டார்களா?

எனக்கு மிகவும் நெருக்கமான படத்தைக் கடைசிக்கு வைத்திருந்தேன். பாலுமகேந்திராவின் ‘வீடு’. 1988இல் வெளியானது. அர்ச்சனாவுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. அலுவலகத்துக்குப் போகிற சுதா, தாத்தா, தங்கை, காதலன். வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள். சொந்தமாக ஒரு வீடு கட்ட முடிவெடுக்கிறாள். அவ்வளவுதான் கதை.

ஆனால் அந்தப் படத்தில் சுதா தியாகியா? இல்லை. திமிர் பிடித்தவளா? இல்லை. அவளுக்குக் கடன் வேண்டும், அனுமதி வேண்டும், சிமெண்ட் வேண்டும், அதற்கெல்லாம் அலைய அலுவலக நேரம் போக மிச்ச நேரம் வேண்டும். காதலன் கூடவே வருகிறான். அறிவுரை சொல்ல வரவில்லை, அலைய வருகிறான். தமிழ் சினிமாவில் இப்படி ஒரு காதலனை நான் அதிகம் பார்த்ததில்லை. கான்ட்ராக்டர் சிமெண்ட்டைத் திருடும்போது அதை எதிர்த்துக் குரல் கொடுப்பது யார்? சித்தாள் வேலை செய்கிற மங்கம்மா. அலுவலகத்தில் வேலை பார்க்கும் பெண்ணுக்காகக் கல் சுமக்கும் பெண் சண்டை போடுகிறாள். இரண்டு உழைப்பாளிப் பெண்கள் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்கிற அந்த இடத்துக்காகவே ‘வீடு’ படத்தை இந்த ஊரில் திரை கட்டிக் காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். முடிவில் அந்த நிலமே குடிநீர் வாரியம் எடுத்துக்கொண்டது என்று தெரியவருகிறது. அவள் குணத்தில் என்ன குறை? ஒரு குறையும் இல்லை. எதிரே நிற்பது அலுவலகம், கோப்பு, விதி. பாலுமகேந்திரா அதைத் தெரிந்து எடுத்தார்.

2024இல் கான் திரைப்பட விழாவில் இரண்டாவது பெரிய விருதான கிராண்ட் பிரீ வாங்கிய பாயல் கபாடியாவின் படமும், மும்பையில் ஒரே அறையைப் பகிர்ந்துகொள்கிற இரண்டு மலையாள நர்சுகளின் கதைதான். ஷிப்ட் முடிந்து அறைக்கு வருகிற பெண்களின் கதைக்கு உலகம் காது கொடுக்கிறது. ஆகவே, ‘இதெல்லாம் படமாகுமா சார்?’ என்று இனிமேல் எந்தத் தயாரிப்பாளரும் நம்மிடம் கேட்க முடியாது.

எனக்கு ஒரு படம் பார்க்க ஆசை. அவளுக்கு இரண்டாவது ஷிப்ட், அவனுக்கு முதல் ஷிப்ட். ஒரகடம் சாலையில் அவள் பஸ் ஏறுகிறபோது அவன் பஸ்ஸிலிருந்து இறங்குகிறான். இடையில் குழந்தையைக் கைமாற்ற வேண்டும். ஒரு நாள் அவனுக்கு ஓ.டி. போட்டுவிடுகிறார்கள். அவன் சூப்பர்வைசரிடம் போய், ‘முடியாது சார், நான் குழந்தையைக் கூட்டிக்கிட்டு வரணும்’ என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வசனத்தை ஒரு பெரிய நடிகர் பேச வேண்டும். விசில் பறக்கிறதா இல்லையா பார்ப்போம்.

நான் பேசியது போதும். இனி உங்கள் கேள்விகள். நைட் ஷிப்டுக்குப் போக வேண்டியவர்கள் முதலில் கேளுங்கள், மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.